முன்னால இன்னா அரைச்சீங்க

மாவு மில்லுக்கு வரும் பெண்கள் எல்லோரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். முன்னால இன்னா அரைச்சீங்க?

நியாயமான கேள்வி. மிளகாய் அரைத்த கையோடு அரிசியைப் போட்டால் குழந்தைக்கு வாய் எரியும். கேழ்வரகுக்குப் பின் இடியாப்ப அரிசியைப் போட்டால் மாவு கறுத்துவிடும். மில்லின் வயிற்றில் முந்தினவருடைய மாவு கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதனால் கேட்கிறார்கள். நான் பதில் சொல்கிறேன். பதிலைக் கேட்டதும் தானியத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குனிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

டீ அப்படியே இருக்கட்டும் சார். ஆறினால் பரவாயில்லை.

என் மில் சங்கராபுரத்தில், கள்ளக்குறிச்சி போகும் சாலையில் இருக்கிறது. அப்பா வைத்தது. பக்கத்து அறையில் நான் பவுடர் கடை வைத்தேன். ஜிம்முக்குப் போகிற பையன்களுக்கானது. அவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வயலில் ஓர் உர மூட்டையைத் தூக்கச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஜிம்மில் இரும்பைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்கள். பெண் பார்க்கப் போவதற்குள் தோள் அகலமாகிவிட வேண்டும். பனியன் போட்டுப் படம் எடுக்கும்போது கை வீங்கித் தெரிய வேண்டும். உடம்பால் வேறு எந்த வேலையும் அவர்களுக்கு இல்லை.

ஆரம்பத்தில் நேர்மையான பவுடர்தான் விற்றேன். சோயா, பொட்டுக்கடலை, வேர்க்கடலை. ஒரு மாதத்தில் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஏமாற்றிவிட்டேன் என்றார்கள். பிறகு உடம்பை ஏற்றுகிற ஸ்டீராய்டு மாத்திரை சேர்த்து அரைத்தேன். இளஞ்சிவப்பு நிறம். அதன் பிறகு என்னை ஏமாற்றுக்காரன் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்காக நீங்கள் வரவில்லை என்று தெரியும். காசிநாதனுக்காக வந்திருக்கிறீர்கள். சாலம்மாளுக்காக என்றும் சொல்லலாம்.

சாலம்மாள் எங்கள் நிலத்தில் களையெடுக்கிறவள். கரும்பு வெட்டும் காலத்தில் காய்ந்த இலையை, சோகையை, கழிப்பாள். அவள் புருஷன் முனியன் எங்கள் கரும்பு வண்டி ஓட்டியவன். இப்போது இல்லை. முனியன் என் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவான். வாசலுக்கு வெளியே நின்று கூப்பிடுவான். மகன் காசிநாதன் என்னை அண்ணா என்றான். கடைக்குள் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு அண்ணா என்றான். நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. காலம் மாறிவிட்டது.

அவன் கபடிக்காரன். எதிர் அணிக்குள் பாடிப் போகிறவன். லீக்கில் ஓர் அணி அவனை ஏலத்தில் எடுத்தது. டிவியில் அவன் தொடையைத் தட்டியபோது சங்கராபுரமே டிவி முன் உட்கார்ந்திருந்தது. நானும் பார்த்தேன். நன்றாகத்தான் ஆடினான். காலேஜில் நானும் ஆடியவன். மூலையில் நின்று கணுக்காலைப் பிடிப்பேன். மாவட்டத் தேர்வுக்குப் போனேன், எடுக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதல் சீசன் முடிந்து அவன் ஊருக்கு வந்தபோது கடைக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருந்தேன். ஆள் உயரத்துக்கு அவன் படம். கையில் என் டப்பா. கையில் டப்பா இருப்பது போலச் செய்வது பெரிய காரியம் இல்லை, ஃப்ளெக்ஸ் கடைக்காரனே செய்துவிட்டான். கடை நிறையப் பையன்கள் இருந்தார்கள்.

"இன்னாண்ணா இது, எம் படத்தப் போட்டுக்கிறீங்க?"

"ஊருக்கே பெருமை காசி. டப்பா ஒண்ணு வூட்டுக்கு எடுத்துக்கினு போ. உனுக்குச் சும்மாதான்."

அவன் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவ்வளவு பொறுமையாக அதை யாரும் பார்த்ததில்லை.

"உள்ள இன்னா இருக்குதுன்னே போடலியேண்ணா."

"சத்துதான்டா. வேற இன்னா?"

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியாதத நான் வாயில வெக்கறதில்ல. ஊக்கமருந்து பத்தி எங்களுக்கு கிளாஸே எடுத்துக்கிறாங்க. எப்பிடி உள்ள போச்சின்னுலாம் கேக்க மாட்டாங்களாம். உடம்புல இருந்திச்சின்னா நாந்தான் பொறுப்பாம். அந்தப் படத்தயும் எடுத்துடுங்கண்ணா."

தங்கதுரை என்று ஒரு பையன். என் பழைய வாடிக்கை. அவன்தான் கேட்டான்: "அப்ப நாங்க திங்கறது இன்னா மச்சான், மாட்டுத் தீவனமா?"

எல்லோரும் சிரித்தார்கள். காசிநாதனும் சிரித்தான்.

"நீ இன்னாதான் திங்கற, சொல்லு. நாங்களும் திங்கறோம்."

"எங்கம்மா கரைச்சிக் குடுக்கற சத்துமாவுதான்டா. சாமை, தினை எல்லாம் போட்டு வறுத்து, அண்ணன் மில்லுலதான் அரைக்குது. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

அதை அவனாகத்தான் சொன்னான். நான் கேட்கவில்லை.

ஃப்ளெக்ஸைக் கழற்றி மில்லுக்குள் போட்டேன். நல்ல கெட்டித் துணி. அரைத்த மாவு கொதிக்கும், பரப்பி ஆறவைக்க வேண்டும். அதற்குப் பயன்பட்டது. முதல் தடவை சாலம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டாள். "எம் புள்ள மூஞ்சி மேல மாவக் கொட்டறதா மொதலாளி?" என்றாள். திருப்பிப் போட்டுக்கொள், படம் அடியில் போய்விடும் என்றேன். திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அவன் சொன்ன விதியைப் பற்றி யோசித்தேன். உடம்பில் இருந்தால் நீதான் பொறுப்பு. எப்படி வந்தது என்பது உன் பாடு. எனக்கு அது பிடித்திருந்தது. நம் ஊரில் எந்த விதியிலும் அவ்வளவு தெளிவு கிடையாது. இங்கே தாசில்தார் ஆபீசிலிருந்து கோயில் முதல் மரியாதை வரை எல்லாவற்றுக்கும் ஒரு காரணம், ஒரு சமாதானம், ஒரு சிபாரிசு. இதில் ஒன்றுமில்லை. குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் காசிநாதன் அதை ஏதோ தன்னுடைய யோக்கியதை போலச் சொன்னான். தெரியாததை வாயில் வைக்க மாட்டேன் என்றான். தெரிந்ததை மட்டும் வாயில் வைத்து இந்த ஊரில் யார் உயிர் வாழ முடியும்? ஓட்டல் சாம்பாரில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டா சாப்பிடுகிறோம்? அவனுடைய யோக்கியதை முழுக்க ஒரு தூக்கு மாவில் இருந்தது. அந்த மாவு என் மில்லில் இருந்தது. இதை அவன் யோசிக்கவில்லை. படித்தவர்கள் கிளாஸ் எடுத்தும் யோசிக்கவில்லை.

சாலம்மாள் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வரும் சாமையும் தினையும் வாங்குவாள். மலைச் சாமைக்கு ருசி ஜாஸ்தி என்பாள். வீட்டிலேயே வறுத்து, காலையில் களைக்குப் போகிற வழியில் மில்லில் வைப்பாள். சாயங்காலம் திரும்பும்போது எடுத்துக்கொள்வாள். வைக்கும்போது கேட்பாள்.

"முன்னால இன்னா அரைச்சீங்க மொதலாளி?"

"பொட்டுக்கடலைதான்."

"அது போதும். ஒண்ணும் பண்ணாது."

அவனுக்குச் சோதனை வைத்தது இரண்டாவது சீசனுக்கு முந்தின பயிற்சி முகாமில். முகாமுக்குப் போகும்போது அம்மா மாவு கட்டிக் கொடுத்திருந்தாள். அங்கே போடுகிற முட்டையும் கோழியும் போதாதென்று அதையும் கரைத்துக் குடித்திருக்கிறான். மூத்திரத்தில் மருந்து வந்துவிட்டது. அணி அன்றே அனுப்பிவிட்டது. ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது, அதுவும் நின்றது. லீக் பணத்தில் வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். தூண் மட்டும் எழும்பியிருந்தது. இப்போதும் தூண் மட்டும்தான் நிற்கிறது, மேலே கம்பி துருப்பிடித்து. பையன்கள் அவனை ஊசிக் காசி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெயர் வைத்தது தங்கதுரை. என் பவுடரைக் கையில் வைத்துக்கொண்டுதான் வைத்தான். இந்த ஊர்ப் பையன்களைப் பற்றி நான் சொன்னது மிகை இல்லை என்று அப்போது தெரிந்தது.

விசாரணை நடந்தது. காசிநாதன் தான் தொட்ட தைலம், சளிக்குக் குடித்த மருந்து, அணியில் கொடுத்த பானம் எல்லாவற்றையும் சொன்னான். மாவைச் சொல்லவில்லை. அம்மா கொடுப்பதை யாராவது அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா? அவனுடைய வக்கீலுக்குத்தான் கடைசியில் தோன்றியது, வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்க. எங்கிருந்து வந்தது என்று நிரூபித்துவிட்டால் தண்டனை குறையுமாம். விதியில் அந்த ஒரு ஓட்டை இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

பழைய மாவு அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. அதே சாமான், அதே மில், அதே ஆள், மறுபடி அரைத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றார்கள். வக்கீல் அனுப்பிய ஆள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே நின்றான். நான் கல்லைக் கழற்றித் துடைத்தேன். துணிக் குழாயைத் துவைத்துக் காயவைத்து மாட்டினேன். ஒரு படி அரிசியை முன்னால் ஓடவிட்டு அதைக் கோழிக்குக் கொட்டினேன். எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார் பாருங்கள் என்று அந்த ஆள் தன் போனுக்குச் சொன்னான். அந்த மில்லில் அதைவிட நல்ல மாவு விழுந்ததில்லை. அதில் ஒன்றும் இருக்கவில்லை. மாவில் ஒன்றும் இல்லையென்றால் காசிநாதன் பொய் சொல்கிறான் என்று ஆகிவிட்டது.

சாலம்மாளையும் வீடியோவில் உட்காரவைத்துக் கேட்டார்கள். மாவு அரைக்கும்போது அதில் வேறு ஏதாவது கலந்திருக்க முடியுமா என்று கேட்டதை வக்கீல் தமிழில் சொன்னார்.

"எங்க மொதலாளி மில்லுங்க அது. நான் கேட்டுட்டுத்தான் வெக்கறேன். அவரு பொய் சொல்ல மாட்டாருங்க."

நான் அப்போது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்து என் சாட்சி.

நான்கு ஆண்டுத் தடை போட்டார்கள். நான்கு ஆண்டில் கபடிக்காரனின் முழங்காலில் ஒன்றும் மிஞ்சாது. தீர்ப்பில் ஒரு வரி இருந்ததாம், வீரர் போதிய கவனத்துடன் நடந்துகொள்ளவில்லை என்று. அவன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பொறுமை எனக்கு நினைவு வந்தது.

தீர்ப்புக்குப் பிறகு அவன் ஒரு தடவை மில்லுக்கு வந்தான். கடைக்கு வரவில்லை. உள்ளே வராமல் வாசலில் நின்றான். அவன் அப்பா எப்போதும் நின்ற இடம்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்கம்மா மாவு அரைக்கறப்ப முன்னால இன்னா அரைச்சீங்க?"

"பொட்டுக்கடலைதான் காசி."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் பார்த்தேன். எனக்குக் கஷ்டமாக இல்லை. கேட்ட கேள்விக்கு நான் சரியாகத்தான் பதில் சொன்னேன். முன்னால் அரைத்தது பொட்டுக்கடலைதான்.

"சரிண்ணா" என்றான். அந்த வாரமே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. தடைக் காலத்திலும் ஆள் வந்து சோதிக்கலாம் என்று அவன் சொன்ன அதே விதியில் இருக்கிறது. அவன் தீபாவளிக்கு வருவான். அம்மா மாவு கட்டிக் கொடுப்பாள். அரைகுறையாக எதையும் விடுவது என் வழக்கம் இல்லை.

ஆனால் அவன் ஊரில் இல்லாதபோதும் சாலம்மாள் மாவு அரைப்பது குறையவில்லை. ஒருநாள் கேட்டேன், பையனுக்கு பஸ்ஸில் போட்டு அனுப்புகிறாயா என்று.

"அவன் எங்க மொதலாளி. மாவுன்னாலே வேணான்றான், தொட மாட்டேன்றான். நாந்தான் கரைச்சிக் குடிச்சிக்கினு இருக்கறேன். களையில குனிஞ்சா நிமுறலாம், அப்பிடித் தெம்பா இருக்குது. நீங்க நல்லா இருக்கணும்."

அன்றும் தூக்கை வைத்துவிட்டுப் போனாள். அன்றும் அரைத்தேன், வழக்கம்போல. திடீரென்று நிறுத்தினால் அவளுக்கு அசதியாக இருக்கும். மாவில் ஏதோ மாறிவிட்டது என்று தோன்றும். யாரிடமாவது சொல்வாள். அவள் நிலையில் இருக்கிறவர்களுக்குத் தெம்பு என்பது சாதாரண விஷயம் இல்லை. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொஞ்ச நாளில் அவள் குரல் கட்டிக்கொண்டது. சளி என்று நினைத்தாள். அது இறங்கவே இல்லை. மோவாயில் முடி தெரிந்தது. முந்தானையை வாய் வரைக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டு வருவாள். மில்லில் வரிசையில் பச்சையம்மாள் என்று ஒருத்தி உண்டு, வாய்க்காரி. அவள் விடவில்லை.

"இன்னாடி சாலா, புள்ளையோட தொண்டய வாங்கி மாட்டிக்கினியா? எங்க, கபடி கபடின்னு பாடு, கேக்கலாம்."

"பாடிக்கினு உன் வூட்டுக்கே வருவேன், வந்தா பிடிப்பியா?" என்றாள் சாலம்மாள், அந்தக் குரலிலேயே. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவள் பக்கத்தில் உட்காராமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். என் எதிரில்தான் எல்லாம் நடந்தது. எந்த மில்லில் அரைக்கிறாள் என்று அதில் ஒருத்தியாவது யோசித்திருக்கலாம். அவர்கள் தூக்கும் அங்கேதான் இருந்தது.

பிறகு கண் மஞ்சளானது. கீழாநெல்லி தின்றாள். வேலையை விடவில்லை. மாவையும் விடவில்லை, நோயாளிக்குச் சத்து வேண்டுமே. எங்கள் சோளக் கொல்லையில் விழுந்தவளைக் கள்ளக்குறிச்சிக்கு என் வண்டியில்தான் அனுப்பினேன். அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர், என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று விடாமல் கேட்டிருக்கிறாள். மாத்திரையே நான் தொட்டதில்லை, வெறும் சத்துமாவுதான் என்றிருக்கிறாள் இவள். மகன் சொன்ன அதே பதில். ஆனால் அந்த டாக்டர் வீட்டிலிருந்து தூக்கையே எடுத்துவரச் சொல்லிவிட்டாள். அதை வைத்துத்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். உங்கள் ஆட்கள் கையுறை போட்டுக்கொண்டு மில்லைச் சுரண்டியதைப் பார்த்தேன். வீண் வேலை.

என் வக்கீல் தனசேகரன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். பவுடருக்கு அரைத்த பிறகு மில்லைச் சரியாகத் துடைக்கவில்லை, கொஞ்சம் தங்கிவிட்டது, கவனக்குறைவு, அவ்வளவுதான் என்று சொல்லச் சொன்னார். தண்டனை குறையுமாம். இங்கேயும் ஓட்டை இருக்கிறது. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. மில்லை நான் ஒருநாளும் துடைக்காமல் விட்டதில்லை. பவுடருக்குத் தனி நாள், தனிக் கல். சங்கராபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் மில்லில் அரைத்த மாவில் மண் இருந்தது, காரம் இருந்தது என்று ஒரு புகார் வந்ததில்லை. அசுத்தக்காரன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

எழுதிக்கொள்ளுங்கள். எதுவும் தங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சாலம்மாளின் தானியத்தைத் தொட்டியில் கொட்டி, அதன் மேல் மாத்திரையை என் கையால் போட்டு அரைத்தேன். முதலில் மகனுக்காக. மகன் போன பிறகு அவள்தான் குடிக்கிறாள் என்று தெரிந்தே அரைத்தேன். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவள் பிழைக்க மாட்டாள் என்று காலையில் உங்கள் ஆள் வெளியே பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. காசிநாதன் வந்திருக்கிறானாம், அம்மாவுக்கு அவன் கையாலேயே கஞ்சி வைத்துக் கொடுக்கிறானாம். நல்லது. கடைசியில் கவனம் வந்திருக்கிறது.

இதில் யாருக்கும் நான் எதையும் திணிக்கவில்லை. வாயில் வைத்தது அவர்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா?

டீயை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுங்கள் சார். மூன்றாவது தடவையாக நகர்த்தி வைக்கிறீர்கள். தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வந்ததிலிருந்து பார்க்கிறேன், யார் போட்டது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு மாவுகூட என் மில்லில் அரைப்பதில்லை, என் மனைவி மிக்ஸியில்தான் அரைப்பாள், நான் பக்கத்தில் நிற்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததை நான் வாயில் வைப்பதில்லை.